ஒழுகாத கூரை

சேசு மரி சூசை

மூலக்குளம், புதுச்சேரி
6 ஏப்ரல் 2003

அன்புள்ள ஞானமேரிக்கு,

இதை எழுதுவது நான்தான். உன் புருஷன் லூயிஸ். சவரிராயன் இல்லை.

மேலே உள்ள வரிகளை எழுதி முடித்ததும் எழுந்து வீட்டை ஒருமுறை சுற்றி வந்தேன். இப்போது மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுவாரத்திலிருந்து சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். நூலகத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில் சுமலதா டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார். பதின்மூன்று பேர் படிக்கிறோம், அதில் நான் ஒருவன்தான் ஆண். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது என் நோட்டைப் பார்த்துவிட்டு அஞ்சலாட்சி, "கொத்தனாரே, எழுத்தைக்கூட நூல் புடிச்சி அடுக்குறியே" என்கிறாள். இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். நானே எழுதிச் சொல்ல வேண்டும் என்றுதான்.

அறுபத்தேழு வயதில் ஏன் இந்த வேலை என்று கேட்பாய். சவரி நல்லவன். நோத்தேர் ஆபீசில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன். ஆனால் நான் நாலு வார்த்தை சொன்னால் அவன் ஒரு பக்கம் எழுதுகிறான். அந்த ஒரு பக்கத்தில் என் நாலு வார்த்தை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. போனிலும் பேச முடிவதில்லை. அமலி பேசி, மாப்பிள்ளை பேசி, பேத்தி பெனிஷா மூச்சு விட்டு, கடைசியில் நீ வாங்கி "சாப்பிட்டீங்களா" என்கிறாய். நான் "சாப்ட்டாச்சி" என்கிறேன். அதோடு முடிந்தது.

உன் செடிகள் இருக்கும் கண்ணாடி வீட்டில் இன்று மதியம் நாற்பத்தொரு டிகிரி. வெளியே முப்பத்தாறு. மாப்பிள்ளை மாட்டிவிட்டுப் போன வெப்பமானியை நானே படித்தேன். செடிகளைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதத்துக்கென்று போனாய். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
லூயிஸ்
(இதுவும் நானே போட்டது. பெருவிரல் இல்லை.)


சார்செல், பிரான்சு
24 ஏப்ரல் 2003

அமலி அப்பாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பார்த்து யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து வீட்டைச் சுற்றி வந்தேன் என்ற இடத்தில் நம்பிவிட்டேன். நம் சம்பந்தம் பேசி முடித்த அன்றும் நீங்கள் அப்படித்தான் எங்கள் வீட்டைச் சுற்றி வந்தீர்களாம். என் தம்பி ஜன்னலில் நின்று எண்ணினானாம், மூன்று சுற்று.

மூன்று நாளாகக் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். பெனிஷாவைப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் எடுத்துப் பார்க்கிறேன்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்த உங்கள் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. அதில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்: "நீ இல்லாததால் இவ்விடம் யாதொரு குறையும் இல்லை. உன் மனம்போல் அவ்விடத்திலேயே நீடித்திருக்க இதன்மூலம் சம்மதிக்கிறேன்." நாற்பத்திரண்டு வருஷம் உங்களோடு இருந்தேன். யாதொரு குறையும் இல்லை என்று வந்தது. அந்தக் கடிதத்தை நான் அமலிக்குக் காட்டவில்லை. இங்கே ஜனவரி மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும். அதை மடித்து வைத்துவிட்டு நிறைய நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

செடிகளைப் பற்றி அடுத்த கடிதத்தில் என்று எழுதினால் எனக்குத் தெரியாதா? எத்தனை செத்தது? கூரை உச்சியில் ஒரு ஜன்னல் வையுங்கள், சூடு மேலே ஏறும், அது போக வழி வேண்டும் என்று மூன்று கோடையாகச் சொன்னேன். கடைசியாகச் சொன்னபோது வேலையாட்கள் எதிரில் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் வெயிலில் அலையாதீர்கள்.

ஞானமேரி


சேசு மரி சூசை

மூலக்குளம்
11 மே 2003

அன்புள்ள ஞானமேரிக்கு,

உன் கடிதத்தைப் படிக்க இரண்டு நாள் ஆனது. படித்து முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு சவரி வீட்டுக்குப் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சவரி, கிறிஸ்துமஸுக்கு நான் இன்னா சொன்னேன்?"

"எப்ப வர்றான்னு கேளு, வூடு வூடா இல்லன்னு சொன்னே."

"நீ இன்னா எழுதின?"

படித்துக் காட்டினேன். நான் படிப்பதைப் பார்த்து அவனுக்கு வாய் திறந்துகொண்டது. "இன்னொரு தபா படி" என்றான். படித்தேன்.

"நல்லாத்தானேய்யா இருக்குது" என்றான் பிறகு. "வூடு வூடா இல்ல, சீக்கிரம் வான்னு எழுதினா கெஞ்சுற மாரி இருக்கும். பொண்ணு வூட்ல இருக்கிறவங்களுக்குச் சங்கடம். மரியாதையா எழுதிக் குடுத்தேன். உம் பொண்டாட்டிக்கு எழுதற லெட்டர்ல ஒரு கௌரவம் வாணாமா?"

"எனக்குக் கௌரவம் வாணாம், சவரி."

அவன் பாவம், முகம் சுருங்கிவிட்டது. அவன் வீட்டுக்காரி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவன்மேல் கோபப்படாதே. மூன்று கடிதமும் அவன் இலவசமாக, அழகான கையெழுத்தில், என் குடும்பத்துக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதினான்.

இப்போது செடிகள். முப்பத்தொரு தொட்டி ஆந்தூரியம் வைத்துவிட்டுப் போனாய். இன்று பதினொன்று இருக்கிறது. செழித்து வளர்கின்றன என்று முன்பு எழுதச் சொன்னது மட்டும் சவரி இல்லை, நான்தான்.

என்னென்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் உள்பக்கம் துணித்திரை கட்டினேன். பயன் இல்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை என்ன செய்யும், திரையே சுடுகிறது. அதை அவிழ்த்துவிட்டு வெளியே, கண்ணாடிக்கு மேல் தென்னங்கீற்று பரப்பினேன். மூன்று டிகிரி இறங்கியது. சுவர்க் கண்ணாடிகளுக்கு நீர்த்த சுண்ணாம்பு அடித்தேன். இன்னும் ஒன்று இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் சாக்கை நனைத்து நாலு பக்கமும் உள்ளே தொங்கவிட்டு, தரையெல்லாம் தண்ணீர் ஊற்றி, குளிர்ச்சி வெளியே போகக்கூடாதென்று கதவை இறுக்கிச் சாத்திவிட்டு ஒரு திருமணத்துக்காக உழவர்கரைக்குப் போய்விட்டேன். மாலை வந்து திறந்தால் இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி. எட்டுச் செடி வெந்து, தண்டு கொழகொழ என்று ஆகிவிட்டது. உன் சிவப்பு ராணியும் அதில் ஒன்று.

நீ சொன்ன ஜன்னலைப் பற்றி நினைத்தேன். ஏணியைக்கூடச் சாய்த்தேன். ஏற மனம் வரவில்லை. மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் வரைக்கும் என்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். ஒழுகாத கூரை லூயிஸ். டவுனில் இடித்த பிரெஞ்சு வீட்டு ஜன்னல்களைப் பொறுக்கி வந்து உனக்காகக் கட்டிய கண்ணாடி வீடு. ஐந்து மழைக்காலத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அதில் நானே எப்படி ஓட்டை போடுவேன்.

வேலையாட்கள் எதிரில் என்ன சொன்னேன் என்று எழுது. எனக்கு உண்மையாகவே நினைவில்லை.

இப்படிக்கு,
உன் லூயிஸ்


சார்செல்
30 மே 2003

அமலி அப்பாவுக்கு,

"ஒனக்குக் கூரையப் பத்தி இன்னாடி தெரியும், சோத்தப் பாரு." இதுதான். சித்தாள் பெண்கள் கலவை சுமந்துகொண்டு நின்றார்கள். அன்றைக்கு நான் சோற்றைத்தான் பார்த்தேன், குழையாமல் வடித்தேன். அடுத்த மாதம் அமலி உண்டாயிருக்கிறாள் என்று போன் வந்ததும் பெட்டியை எடுத்து வைத்தேன். பேறு நவம்பரில். நான் பெட்டி எடுத்தது ஜூனில். நீங்கள் கவனிக்கவில்லை.

சவரி அண்ணன் எழுதியது தெரிந்ததும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவரைத் திட்டாதீர்கள். ஆனால் இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கடிதம் வந்த பிறகுதான், அமலியும் மாப்பிள்ளையும் கேட்டதற்கு நான் சரி என்றேன். எனக்குப் பத்து வருஷ அட்டை எடுக்கிறார்கள், இங்கேயே தங்குவதற்கு. செப்டம்பர் 15-ஆம் தேதி அரசாங்க அலுவலகத்தில் என் கையெழுத்துக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்து போட்டால் நான் இந்த ஊர்க்காரி. வருஷத்துக்கு ஒரு மாதம் அங்கே வந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பெனிஷா என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா.

சிவப்பு ராணி போனது போகட்டும். மேலே போக்கு இல்லாத இடத்தில் ஈரத்தை அடைத்தால் வேகத்தான் செய்யும். தண்ணீர் காலையில் தரைக்கு மட்டும் ஊற்றுங்கள், இலைக்கு வேண்டாம். கதவு திறந்தே இருக்கட்டும்.

ஜன்னலைப் பற்றி இனிமேல் நான் சொல்ல மாட்டேன். உங்கள் கூரை.

ஞானமேரி


சேசு மரி சூசை

மூலக்குளம்
22 ஜூன் 2003

அன்புள்ள ஞானமேரிக்கு,

நான் சொன்னது அதுதான் என்றால் அது தவறு. இந்த ஒரு வரியை எழுத ஒரு சாயங்காலம் ஆனது. எழுத்து தெரியாததால் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை வெல்டிங் அரிகிருஷ்ணனைக் கூட்டிவந்தேன். வந்தவன் மேலே பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மேஸ்திரி, ஒழுவுதா?"

"ஒழுவல. ஒழுவ வைக்கணும்."

"வெயில்ல உனக்கு ஏதோ ஆயிடுச்சி."

"நீ ஏணியப் புடி. நான் ஏறுறேன்."

"அறுபத்தேழு வயசு ஆளு நீ ஏறுவ, நான் புடிக்கணுமா? கீழ வுழுந்தா பிரான்சுக்கு எவன்யா பதில் சொல்றது?"

நான்தான் ஏறினேன். என் கையால் வைத்ததை என் கைதான் எடுக்க வேண்டும். உச்சியில் ஒரு கண்ணாடியைச் சுற்றி உளி போட்டேன். நான் பூசிய சாந்து லேசில் விடவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. கண்ணாடியைத் தூக்கியதும் உள்ளே இருந்த அனல் மொத்தமும் என் முகத்தில் அடித்தது. மீசை கருகியதோ என்று தொட்டுப் பார்த்தேன். அப்புறம் அது போய்க்கொண்டே இருந்தது, ஞானமேரி. ஐந்து வருஷமாக வழி தேடிக்கொண்டிருந்தது போல.

அந்தத் திறப்புக்கு மிச்சமிருந்த ஒரு மரப்பலகைக் கதவை அரிகிருஷ்ணன் கீல் வைத்துப் பொருத்தினான். கிணற்று உருளையை மாட்டி, கயிறு கட்டி, கீழே நின்றபடி திறந்து மூட வைத்தேன். அடிச்சுவரில் தரையோடு நாலு செங்கல்லை உருவிவிட்டேன். காற்று கீழே நுழைந்து மேலே போகிறது. மேலே கீற்று, தரையில் காலைத் தண்ணீர். மறுநாள் மதியம் வெளியே முப்பத்தெட்டு, உள்ளே முப்பத்தைந்து. வெளியைவிடக் குறைவு. நம்ப முடியாமல் சுமலதா டீச்சரைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னேன். முப்பத்தைந்துதான் என்றார்.

வியாழக்கிழமை இடியோடு மழை. கயிற்றைப் பிடித்து மூடியும் மூன்று சொட்டு உள்ளே இறங்கியது. நான் கட்டிய கூரையிலிருந்து சொட்டு விழுவதை முதல் தடவையாகப் பார்த்தேன். ஒன்று என் தலையில் விழுந்தது. இரண்டு செடிமேல் விழுந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

அட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். பெனிஷாவின் கை உன் கழுத்தில் இருக்கிறது என்கிறாய். அதை எடு என்று நான் எப்படிச் சொல்வேன். நீ எதில் கையெழுத்து போட்டாலும் அது உன் கை. ஆனால் சவரி எழுதிய பத்திரத்தை மட்டும் நான் ரத்து செய்ய வேண்டும். பொய்ப் பத்திரத்தை நம்பி நீ கையெழுத்து போடக்கூடாது.

இங்கே குறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், தூணோரம் உன் இடத்தில் வேறு யாரோ உட்காருகிறார்கள். ரேடியோவை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் குறைக்கச் சொல்ல ஆள் இல்லை, அதனால் நானே அணைத்துவிடுகிறேன். மீன் குழம்பில் எவ்வளவு புளி என்று தெரியவில்லை. இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதும் அளவுக்கு இன்னும் வேகம் வரவில்லை.

உன் லூயிஸ்

பதினொரு தொட்டியும் உயிரோடு இருக்கின்றன.


சேசு மரி சூசை

மூலக்குளம்
12 ஆகஸ்ட் 2003

அன்புள்ள ஞானமேரிக்கு,

என் ஜூன் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதைக் கேட்க இதை எழுதவில்லை.

பிரான்சில் வெயில் என்று டிவியில் சொன்னார்கள். நாற்பது டிகிரியாம். "நாப்பதெல்லாம் ஒரு வெயிலா" என்று சவரி சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே செத்துப்போகிறார்கள் என்று காட்டினார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. போன் போட்டால் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

நீ இருப்பது நாலாவது மாடி, பெரிய கண்ணாடி ஜன்னல் என்று எழுதியிருந்தாய். அதைக் கண்ணாடி வீடு என்று நினைத்துக்கொள். வெயிலை வெளியிலேயே நிறுத்து. சூரியன் இறங்கியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திற. தண்ணீர் குடி. அலுப்பாக இருந்தாலும் குடி.

இந்தக் கடிதம் வர பத்து நாள் ஆகும் என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

லூயிஸ்


சார்செல்
14 ஆகஸ்ட் 2003

அமலி அப்பாவுக்கு,

முதலில் இது: நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் ஜூன் கடிதம் வந்து மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். பிறகு இந்த வெயில் வந்துவிட்டது. அமலியும் மாப்பிள்ளையும் பெனிஷாவும் மாதத் தொடக்கத்தில் கடற்கரை ஊருக்குப் போனார்கள். அலைச்சல் வேண்டாம் என்று நான் இருந்துவிட்டேன். போன் ஒயர் மூன்று நாள் பிடுங்கிக் கிடந்திருக்கிறது, நேற்றுத்தான் பார்த்தேன். நனைக்கத் துணி தேடிப் பெட்டியை இழுத்தபோது நான்தான் பிடுங்கியிருக்கிறேன். நீங்கள் கூப்பிட்டிருந்தால் பயந்திருப்பீர்கள்.

இங்கே மின்விசிறி எந்த வீட்டிலும் இல்லை. சுவரெல்லாம் குளிருக்குக் கட்டியது, சூட்டை விடுவதே இல்லை. ஐந்தாம் தேதி மதியம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். என்னைச் சுற்றிலும் கண்ணாடி, மூடிய ஜன்னல், உள்பக்கம் திரை. அப்போதுதான் உங்கள் மே மாதக் கடிதம் நினைவுக்கு வந்தது. நான் உட்கார்ந்திருந்தது உங்கள் கண்ணாடி வீட்டில்தான். எட்டுச் செடியோடு நான் ஒன்பதாவது.

எழுந்தேன். போர்வைகளை நனைத்து ஜன்னலுக்கு வெளியே கம்பியில் கட்டினேன். கீழே போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாலையில் வாசல் கதவையும் எதிர் ஜன்னலையும் திறந்து வைத்தேன். படிக்கட்டின் உச்சியில் ஒரு புகைபோக்கி ஜன்னல் உண்டு. காவல்காரரிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லி அதைத் திறக்கச் செய்தேன். மேலே திறந்ததும் படிக்கட்டு வழியாகக் காற்று ஏறியது. நீங்கள் சொன்னது போலத்தான், போய்க்கொண்டே இருந்தது.

எதிர் வீட்டு மதாமுக்கு எண்பத்தாறு வயது. தனியாக இருக்கிறாள். அவள் கதவைத் தட்டி என் அறைக்குக் கூட்டிவந்தேன். எட்டு நாள் இருவரும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். என் கணவர் எழுதினார் என்றேன். எழுதினார் என்று சொல்லும்போது எனக்கு எப்படி இருந்தது என்று இதில் எழுத வரவில்லை.

அடுத்த கட்டடத்தில் ஒரு கிழவர் இறந்துவிட்டார். நாலு நாள் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். அதிலிருந்து ஏணிமேல் நிற்கும் ஒருவர்தான் கண்முன் வருகிறார்.

நாளைக்கு மாதா விண்ணேற்புத் திருநாள். உங்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறேன்.

ஞானமேரி


சார்செல்
16 செப்டம்பர் 2003

என்னங்க,

நேற்று அலுவலகத்துக்குப் போகவில்லை. போக மாட்டேன் என்று போன வாரமே சொன்னபோது அமலி இரண்டு நாள் கோபமாக இருந்தாள். பிறகு, "அப்பாதான் இப்ப எழுதறாரே, ரெண்டு பேரும் லெட்டர் போட்டுக்கிட்டே இருங்களேன்" என்றாள். அவளே சிரித்துவிட்டாள். அழவும் செய்தாள். பெனிஷாவைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தாயிற்று. முதல் நாள் அழுதாள், நான்காம் நாள் எனக்குக் கையசைக்காமல் உள்ளே ஓடினாள். வருகிற கோடையில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம்.

அக்டோபர் 7 காலை சென்னையில் இறங்குகிறேன். சவரி அண்ணனையும் கூட்டிவாருங்கள். அவருக்கு ஒரு நல்ல பேனா வாங்கியிருக்கிறேன்.

மீன் குழம்புக்குப் புளி எலுமிச்சை அளவு. அதைக்கூடவா எழுதிக் கேட்பது.

ஞானமேரி


வீட்டில்
9 அக்டோபர் 2003, காலை

ஞானமேரி,

நீ தூங்குகிறாய். எழுப்ப மனம் இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன். மீன் வாங்கப் போகிறேன்.

கண்ணாடி வீட்டு மேல்ஜன்னலின் கயிறு, கதவுக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறது. ஒன்பது மணிக்கு இழுத்து விடு. நீதான் இழுக்க வேண்டும் என்று இன்று நான் தொடவில்லை.

மேகமூட்டமாக இருக்கிறது. மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டாம். கீழே வாளி வைத்திருக்கிறேன்.

லூயிஸ்